அமெரிக்க மத்திய அரசும் கஞ்சாவும்: நான்கு வழிகளில் எதை முதலில் எடுப்பது?

2025 டிசம்பர் 18 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட நிர்வாக ஆணை ஒன்று, கஞ்சாவை மத்திய அரசின் போதைப்பொருள் வகைப்பாட்டில் முதல் அட்டவணையிலிருந்து மூன்றாம் அட்டவணைக்கு மாற்றும் பணியை விரைந்து முடிக்குமாறு அட்டர்னி ஜெனரலுக்கு உத்தரவிட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஹெராயினுடன் ஒரே வரிசையில் இருந்த ஒரு செடியை, மயக்கமருந்தான கெட்டமின் இருக்கும் வரிசைக்குக் கொண்டுவருவது சிறிய மாற்றம் அல்ல. ஆனாலும் கஞ்சா சட்டபூர்வமாகிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அமெரிக்க மத்திய அரசின் முன் நிற்கும் கேள்விக்கு ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள் இல்லை; நான்கு வழிகள் இருக்கின்றன, ஒவ்வொரு வழியும் வெவ்வேறு மனிதர்களின் சிக்கலைத் தீர்க்கிறது. இவற்றுள் எது சிறந்தது என்பதைவிட, எது முதலில் வர வேண்டும் என்பதே முக்கியம் என்று நான் கருதுகிறேன். யாருடைய குறை முதலில் தீர்கிறதோ அவர்கள் போராட்டத்திலிருந்து விலகிக்கொள்வார்கள். அவர்கள் பணவசதி உள்ளவர்களாக இருந்துவிட்டால், எஞ்சியவர்களின் கோரிக்கையை எடுத்துச் செல்ல ஆள் இருக்காது.

இன்றைய குழப்பத்தின் வேர் 1970-இல் இருக்கிறது. நிக்சன் காலத்தில் நிறைவேறிய கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் சட்டம், போதைப்பொருட்களை ஐந்து அட்டவணைகளாகப் பிரித்தது. மருத்துவப் பயன் எதுவும் இல்லை, தவறாகப் பயன்படும் வாய்ப்பு மிக அதிகம் என்று கருதப்படுபவை முதல் அட்டவணையில் சேரும். கஞ்சாவை அங்கே வைத்தது தற்காலிக ஏற்பாடாகவே கருதப்பட்டது; பென்சில்வேனியாவின் முன்னாள் ஆளுநர் ரேமண்ட் ஷேஃபர் தலைமையிலான ஆணையம் ஆராய்ந்து அறிக்கை தரும் வரை அது அங்கே இருக்கட்டும் என்று விட்டுவைத்தார்கள். 1972-இல் வந்த அந்த அறிக்கை, சொந்தப் பயன்பாட்டுக்காகக் கஞ்சா வைத்திருப்பதைக் குற்றமாக்க வேண்டியதில்லை என்று பரிந்துரைத்தது. ஆணையத்தின் உறுப்பினர்களில் பெரும்பாலோரை நியமித்த நிக்சனே அதை ஏற்க மறுத்தார். தற்காலிகமாக வைத்தது அங்கேயே நிலைத்துவிட்டது.

மாநிலங்கள் காத்திருக்கவில்லை. 1996-இல் கலிபோர்னியா மக்கள் வாக்கெடுப்பின் வழியாக மருத்துவப் பயன்பாட்டை அனுமதித்தது. 2012-இல் கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் பெரியவர்கள் எந்தக் காரணமும் சொல்லாமல் வாங்கிப் பயன்படுத்தலாம் என்றன. இன்று 24 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் அந்த நிலையில் இருக்கின்றன. மருத்துவப் பயன்பாட்டை மட்டுமாவது அனுமதிக்கும் மாநிலங்களையும் சேர்த்தால் எண்ணிக்கை ஏறத்தாழ 40. ஆயினும் மத்தியச் சட்டத்தின் பார்வையில் அந்தக் கடைகள் அத்தனையும் குற்றத் தொழிலே. வீட்டில் சொந்த மருத்துவத் தேவைக்காக வளர்த்த செடியைக்கூட மத்திய அரசு தடைசெய்யலாம் என்று 2005-இல் கன்சாலஸ் எதிர் ரெய்ச் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அந்த அளவுக்கு நீளும் என்பதே அதன் அடிப்படை. அந்த வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர்களில் ஒருவரான நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், 2021-இல் வேறொரு வழக்கின்போது, பாதி அனுமதித்தும் பாதி தடுத்தும் வைத்திருக்கும் மத்திய அரசின் போக்கு குடிமக்களுக்கு விரித்த பொறியாக இருக்கிறது என்ற பொருள்பட எழுதினார். பழமைவாதிகளில் முன்னணியில் இருப்பவர் ஒருவர் இப்படி எழுதியது கவனிக்க வேண்டிய செய்தி.

எந்த வழியையும் தேர்ந்தெடுக்காமல் இருப்பதும் ஒரு தேர்வுதான். சொல்லப்போனால் நாடாளுமன்றம் இத்தனை காலம் செய்துவந்தது அதைத்தான். 2013-இல் ஒபாமா அரசின் துணை அட்டர்னி ஜெனரல் ஜேம்ஸ் கோல் எழுதிய சுற்றறிக்கை, மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டு நடப்பவர்கள் மீது வழக்குத் தொடுப்பதற்கு முன்னுரிமை இல்லை என்றது. 2018 ஜனவரியில் டிரம்ப் அரசின் அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் அதை ஒரே நாளில் ரத்துசெய்தார். மருத்துவக் கஞ்சாவுக்கு மட்டும் சற்றுக் கெட்டியான பாதுகாப்பு இருக்கிறது: மாநில மருத்துவத் திட்டங்களில் தலையிட மத்திய அரசின் நீதி அமைச்சகம் தன் நிதியைச் செலவிடக் கூடாது என்று 2014 முதல் நிதி ஒதுக்கீட்டுச் சட்டங்களில் ஒரு வரி சேர்க்கப்பட்டுவருகிறது. அதை ஒவ்வொரு முறையும் புதுப்பிக்க வேண்டும். பல லட்சம் பேர் வேலை செய்யும் ஒரு தொழில், நிதி மசோதாவின் ஒரு வரியிலும் ஓர் அதிகாரியின் மனநிலையிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இனி வழிகளுக்கு வருவோம். முதலாவது, அட்டவணைகளிலிருந்து கஞ்சாவை முற்றிலும் நீக்கிவிடுவது. பிரதிநிதிகள் சபை இதை இரண்டு முறை நிறைவேற்றியிருக்கிறது: மோர் சட்டம் என்று அழைக்கப்படும் மசோதா 2020 டிசம்பரில் 228-க்கு 164 என்றும், 2022 ஏப்ரலில் 220-க்கு 204 என்றும் வென்றது. கஞ்சாவை நீக்குவதோடு அது நிற்கவில்லை. மத்திய அரசின் பழைய தண்டனைப் பதிவுகளை அழிப்பது, குடியேற்ற விவகாரங்களில் கஞ்சாவைக் காரணம் காட்டி ஒருவரை மறுக்கக் கூடாது என்பது, 5 சதவீதத்தில் தொடங்கி 8 வரை உயரும் கலால் வரி, அந்த வரிப்பணத்தை தடையால் அதிகம் பாதிக்கப்பட்ட சமூகங்களுக்குச் செலவிடுவது ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. செனட்டில் சக் ஷூமர், கோரி புக்கர், ரான் வைடன் மூவரும் 2022 ஜூலையில் முன்வைத்த மசோதா இன்னும் விரிவானது; பெரிய நிறுவனங்களுக்கு அதில் வரி 10 சதவீதத்தில் தொடங்கி 25 சதவீதம் வரை ஏறும்.

நீதியின் கண்ணால் பார்த்தால் இந்த வழிக்கு நிகர் இல்லை. கறுப்பின மக்கள் கஞ்சா வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு வெள்ளையரைவிட 3.64 மடங்கு என்று அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியத்தின் 2020 அறிக்கை கணக்கிட்டது. இரு தரப்பினரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் பயன்படுத்துகிறார்கள். அந்த அநீதிக்கு மருந்து தேடிய ஒரே வழி இது. ஆனால் அரசியல் கணக்கு வேறு. 2022 வாக்கெடுப்பில் குடியரசுக் கட்சியினர் மூன்று பேர்தான் ஆதரித்தார்கள். செனட்டில் விவாதத்தை முடிக்க 60 வாக்குகள் வேண்டும் என்ற விதி இருக்கும்வரை, மூன்று பேரை மட்டும் ஈர்க்கும் மசோதா அங்கே சட்டமாகாது. கஞ்சாவை அனுமதித்த மொன்டானா, அலாஸ்கா, மிசௌரி, ஒஹாயோ போன்ற மாநிலங்களின் குடியரசுக் கட்சிச் செனட்டர்கள்கூட, தம் மாநில மக்கள் அளித்த வாக்கை மத்தியச் சட்டத்துக்கான கட்டளையாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த வழிக்கு, வெளியே அதிகம் பேசப்படாத இன்னொரு தடையும் உண்டு. அது ஆதரவாளர்களின் முகாமுக்குள்ளேயே இருக்கிறது. மத்தியத் தடை இருப்பதால்தான் ஒவ்வொரு மாநிலமும் ஒரு தனிச் சந்தையாக இருக்கிறது. மாசசூசெட்ஸில் விற்கும் கஞ்சா மாசசூசெட்ஸிலேயே விளைய வேண்டும், அதுவும் குளிர்காலத்தில் பெரும் மின்செலவில், கூரையின் கீழ். ஒரேகானிலோ தேவைக்கு மிஞ்சி விளைந்து விலை சரிந்து கிடக்கிறது. தடை நீங்கிய மறுநாள் அது எல்லை தாண்டும். ஒரேகான் 2019-இலும் கலிபோர்னியா 2022-இலும் அதற்கு முன்னேற்பாடாகச் சட்டம் இயற்றிவைத்திருக்கின்றன. வெளிமாநிலத்தாருக்கு எதிராகப் பாகுபாடு காட்டும் மாநிலச் சட்டங்களை அரசியலமைப்பு பொறுக்காது. விற்பனை நிறுவனத்தின் அதிகாரிகளும் இயக்குநர்களும் உள்ளூர்வாசிகளாக இருக்க வேண்டும் என்ற மெய்ன் மாநிலத்தின் மருத்துவக் கஞ்சா விதியை, தடை நீங்காத 2022-லேயே மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. சிறிய மாநிலங்களில் பெரும் விலை கொடுத்து உரிமம் வாங்கியவர்கள் மேடையில் முழு விடுதலையை ஆதரித்தாலும், அது மெதுவாக வந்தால் நல்லது என்று நினைக்கக் காரணம் இருக்கிறது. பாதிக்கப்பட்ட சமூகத்தினருக்கு முன்னுரிமையாகக் கொடுக்கப்பட்ட சிறு உரிமங்களும் இதே அலையில்தான் முதலில் அடித்துச் செல்லப்படும் என்பது இதில் உள்ள கசப்பு.

இரண்டாவது வழி, மூன்றாம் அட்டவணை. 2022 அக்டோபரில் பைடன் தொடங்கிவைத்தது இது. சுகாதாரத் துறை 2023 ஆகஸ்டில் மாற்றத்தைப் பரிந்துரைத்தது; நீதி அமைச்சகம் 2024 மே மாதத்தில் வரைவு விதியை வெளியிட்டது; ஏறத்தாழ 43,000 கருத்துகள் வந்து சேர்ந்தன; 2025 ஜனவரியில் தொடங்கவிருந்த விசாரணை நடைமுறைச் சண்டையில் சிக்கி நின்றுபோனது. டிரம்பின் ஆணை அதை மறுபடி நகர்த்துவதற்காக வந்தது. இரண்டு கட்சிகளின் அதிபர்களும் ஒரே கோப்பைத் தள்ளுவது இந்தக் காலத்து வாஷிங்டனில் அபூர்வம். நாடாளுமன்றத்தின் ஒரு வாக்குகூடத் தேவைப்படாதது இதன் பெரிய பலம். அதுவே பலவீனமும்கூட: குடியரசுக் கட்சிச் செனட்டர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இதை எதிர்த்து அதிபருக்குக் கடிதம் எழுதினார்கள், நிர்வாகம் செய்ததை இன்னொரு நிர்வாகம் மாற்ற முயலலாம், நீதிமன்றத்திலும் வழக்குகள் காத்திருக்கும்.

இந்த மாற்றத்தின் உள்ளடக்கம் என்ன? இங்கேதான் வருமான வரிச் சட்டத்தின் 280இ பிரிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மினியாபொலிஸைச் சேர்ந்த ஒரு போதைப்பொருள் வியாபாரி தன் தொழில் செலவுகளுக்கு வரிக்கழிவு கேட்டார். 1981-இல் வரி நீதிமன்றமும் கொடுத்துவிட்டது. அதில் அதிர்ந்துபோன நாடாளுமன்றம் மறு ஆண்டே, முதல் இரண்டு அட்டவணைகளில் உள்ள பொருட்களை விற்பவருக்கு எந்தத் தொழில் செலவும் கழிக்கப்படாது என்று சட்டம் இயற்றியது. கடத்தல்காரர்களுக்காக எழுதிய அந்தப் பிரிவு, இன்று மாநில உரிமம் பெற்ற கஞ்சாக் கடைகளின் கழுத்தில் கிடக்கிறது. சரக்கின் கொள்முதல் விலையைக் கழிக்கலாம். வாடகை, சம்பளம், விளம்பரம் எதையும் கழிக்க முடியாது. நட்டத்தில் ஓடும் கடையும் லாபத்தில் ஓடுவதாகக் கருதப்பட்டு வரி கட்ட நேர்கிறது. மூன்றாம் அட்டவணைக்கு மாறினால் 280இ தானாகவே விலகிவிடும். பெரிய நிறுவனங்கள் இந்த வழியை ஏன் இவ்வளவு விரும்புகின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஆராய்ச்சியாளர்களுக்கும் இதனால் நன்மை உண்டு. முதல் அட்டவணைப் பொருளை ஆய்வுக்கு எடுப்பதற்கான கெடுபிடிகள் தளரும்.

தனிமனிதருக்கு என்ன கிடைக்கும் என்று தேடினால் கை வெறுமையாகவே திரும்பும். மூன்றாம் அட்டவணைப் பொருளைச் சட்டப்படி விற்க, உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலும் மருத்துவரின் சீட்டும் வேண்டும்; டென்வரிலோ சியாட்டிலிலோ உள்ள கடையில் இரண்டும் இல்லை. ஆகவே அட்டவணையை மாற்றுவது மட்டும் அந்தக் கடையை மத்தியச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிடாது. கஞ்சாவின் எடையையும் செடிகளின் எண்ணிக்கையையும் வைத்து விதிக்கப்படும் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனைகள், கஞ்சாவைப் பெயர் சொல்லியே எழுதப்பட்டவை. அட்டவணை எண் மாறுவதால் அவை மாறுவதில்லை. அனுமதியின்றி வைத்திருப்பது அப்போதும் ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றமே.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்களுக்கு நேரடியான தொடர்பு இருக்கிறது. ஹெச்-1பி விசாவிலோ பச்சை அட்டைக்குக் காத்தோ வாழும் தமிழர்கள் செறிந்திருக்கும் கலிபோர்னியா, வாஷிங்டன், நியூஜெர்சி மூன்றும் கஞ்சாவை அனுமதித்த மாநிலங்கள். குடியேற்றச் சட்டமோ முழுக்க மத்தியச் சட்டம். மாநிலச் சட்டம் அனுமதித்தாலும், கஞ்சா தொடர்பான செயல்கள், அந்தத் தொழிலில் வேலை பார்ப்பது உள்பட, குடியுரிமை விண்ணப்பத்துக்குத் தேவையான நன்னடத்தைத் தகுதியைக் கெடுக்கலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தண்டனை இல்லாவிட்டாலும், அதிகாரியிடம் பயன்படுத்தியதை ஒப்புக்கொள்வதே சிலருக்கு நுழைவுத் தடையாக முடியக்கூடும். பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் அமெரிக்கக் குடிமகன் சனிக்கிழமை வாங்கிவரும் அதே பொட்டலத்தை விசாவில் இருப்பவர் வாங்குவது வேறு கதை. மூன்றாம் அட்டவணையும் 'கட்டுப்படுத்தப்பட்ட பொருள்' என்ற வரையறைக்குள்தான் வருகிறது என்பதால், இந்த ஆபத்து அட்டவணை மாற்றத்தால் சற்றும் குறைவதில்லை. செய்தியைப் பார்த்துவிட்டு இனிக் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாவது வழி, முடிவை மாநிலங்களிடமே விடுவது. செஷன்ஸ் சுற்றறிக்கையை ரத்துசெய்தபோது கொலராடோவின் குடியரசுக் கட்சிச் செனட்டர் கோரி கார்ட்னர் கோபங்கொண்டு, நீதி அமைச்சகப் பதவி நியமனங்களைச் செனட்டில் தடுத்துவைத்தார்; கொலராடோவைத் தொடமாட்டோம் என்று டிரம்பிடமிருந்து உறுதி பெற்ற பிறகே விட்டார். அந்த ஆண்டு ஜூனில் அவரும் மாசசூசெட்ஸின் எலிசபெத் வாரனும் சேர்ந்து ஸ்டேட்ஸ் சட்ட மசோதாவைக் கொண்டுவந்தார்கள். மாநிலச் சட்டத்துக்கோ பழங்குடி அரசின் சட்டத்துக்கோ உட்பட்டு நடப்பவர்களுக்கு மத்திய கஞ்சாத் தடை பொருந்தாது என்பதே அதன் சாரம். டிரம்ப் அப்போதே அதை ஆதரிக்கக்கூடும் என்றார். ஒஹாயோவின் குடியரசுக் கட்சி உறுப்பினர் டேவ் ஜாய்ஸ் பிரதிநிதிகள் சபையில் அதன் புதிய வடிவங்களைத் தொடர்ந்து முன்வைத்துவருகிறார்.

இதற்கு அமெரிக்க வரலாற்றிலேயே முன்மாதிரி உண்டு. 1933-இல் மதுவிலக்கு நீங்கியபோது மத்திய அரசு எல்லா இடத்திலும் மதுவைத் திறந்துவிடவில்லை. தடைசெய்ய விரும்பிய மாநிலம் தடைசெய்துகொள்ளும் அதிகாரத்தை அரசியலமைப்புத் திருத்தத்திலேயே எழுதிவைத்தது. மிசிசிப்பி 1966 வரை மதுவிலக்கை விடவில்லை. கஞ்சாவை விரும்பாத ஐடஹோவின் செனட்டர் தன் மாநிலத்தை விட்டுக்கொடுக்காமலேயே இந்த மசோதாவுக்கு வாக்களிக்க முடியும்; குறைந்தபட்சம், வாக்காளர்களுக்குச் சொல்ல அவரிடம் ஒரு நியாயம் இருக்கும். முதல் வழி அவருக்கு அந்த நியாயத்தைக் கொடுப்பதில்லை. செயல் குற்றமாக இல்லாதபோது, அதில் வரும் பணமும் குற்றப்பணம் ஆகாது; வங்கிச் சிக்கல் தன்னால் தளர்கிறது. 280இ பிரிவும் மத்தியச் சட்டமோ மாநிலச் சட்டமோ தடைசெய்த வியாபாரத்தையே குறிவைப்பதால், அதன் பிடியும் நழுவ இடமிருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. தடை தொடரும் மாநிலங்களில் கைதுகள் தொடரும், அங்கேயும் கறுப்பின இளைஞர்களே அதிகம் பிடிபடுவார்கள். 2018 மசோதா பழைய தண்டனைகளைப் பற்றியோ குடியேற்றம் பற்றியோ ஒன்றும் பேசவில்லை. ஜனநாயகக் கட்சியின் இடதுசாரிகள் இதை அரைக்கிணறு தாண்டும் வேலை என்று ஒதுக்கியதில் நியாயம் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு போதைமருந்து உடன்படிக்கையின்படி அமெரிக்காவுக்குள்ள கடமைகள் என்னாவது என்ற கேள்வியும் எழும். ஆனால் கனடா 2018-இல் முழுமையாகச் சட்டபூர்வமாக்கிவிட்டு அதே உடன்படிக்கையில் உறுப்பு நாடாக இன்றும் நீடிப்பதைப் பார்க்கும்போது, அந்தக் கேள்விக்கு நான் அதிக எடை தரமாட்டேன்.

நான்காவது வழி மிகக் குறுகியது: வங்கிகளுக்கு மட்டும் பாதுகாப்பு. மத்தியச் சட்டத்துக்கு அஞ்சிப் பல வங்கிகள் கஞ்சாக் கடைகளுக்குக் கணக்குத் தர மறுப்பதால், ரொக்கம் நிறைந்த அந்தக் கடைகள் கொள்ளையர்களின் குறியாகின்றன. சேஃப் வங்கிச் சட்டம் பிரதிநிதிகள் சபையில் ஏழு முறை நிறைவேறியிருக்கிறது. 2021 ஏப்ரலில் 321-க்கு 101. மோர் சட்டத்துக்கு மூன்று குடியரசுக் கட்சியினரே கிடைத்த இடத்தில் இதற்கு நூற்றுக்கு மேல் கிடைத்தார்கள். 2023 செப்டம்பரில் செனட்டின் வங்கிக் குழுவும் 14-க்கு 9 என்று ஒப்புதல் தந்தது. ஆனால் செனட்டின் முழு அவையில் அது ஒருபோதும் வாக்கெடுப்புக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதில்தான் இந்த முழு அரசியலின் மையம் இருக்கிறது. குடியரசுக் கட்சித் தலைமையின் வெறுப்பு ஒரு காரணம். ஆனால் 2021-இல் செனட் ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தது. அப்போது இதைத் தடுத்துநிறுத்தியவர்களில் முதன்மையானவர் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கப் பாடுபடும் கோரி புக்கர்தான். பதிவுகளை அழிப்பதும் பாதிக்கப்பட்டோருக்கு ஈடு செய்வதும் இல்லாமல் நிறுவனங்களுக்கு மட்டும் வழிவிடும் மசோதாவை அனுமதிக்கமாட்டேன் என்றார் அவர். நிறுவனங்கள் தமக்கு வேண்டியதைப் பெற்றுவிட்டால், சிறை சென்றவர்களுக்காக ஒரு டாலரும் செலவழிக்காமல் போய்விடுவார்கள் என்பது அவருடைய கணக்கு. 2022 இறுதியில் இரண்டையும் சேர்த்து ஒரு சமரசம் முயலப்பட்டது. அதுவும் கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் கரைந்துபோனது. அடுத்த மாதமே பிரதிநிதிகள் சபை கைமாறியது.

புக்கரின் கணக்கு பிழையானது என்று என்னால் சொல்ல முடியவில்லை. 2024-இல் புளோரிடாவில் கஞ்சாவை அனுமதிப்பதற்கான திருத்தத்துக்கு ஒரே ஒரு நிறுவனம் 10 கோடி டாலருக்கும் மேல் கொட்டியது. திருத்தம் சுமார் 56 சதவீத வாக்குகள் பெற்றும், அங்கே தேவையான 60 கிடைக்காமல் தோற்றது. இந்த இயக்கத்தின் பணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இது சான்று. அந்தப் பணம் அடுத்துத் தன் வரிக்கணக்கைத் தீர்க்கும் வழியைத் தேடியதும் வியப்பல்ல. ஆனால் சரியான கணக்குப் போட்ட புக்கருக்குக் கிடைத்தது என்ன? அவர் தடுத்தது வங்கிச் சலுகை. அதைவிடப் பெரிய வரிச் சலுகை, அவர் வாக்குத் தேவைப்படாத நிர்வாக வழியில் வந்துகொண்டிருக்கிறது. அதில் நீதிக்கான பிரிவு ஒரு வரிகூட இல்லை. பேரம் பேசக் கையில் வைத்திருந்த சீட்டு, பேரம் முடியும் முன்பே மதிப்பிழந்து வருகிறது.

எதிர்ப்பாளர்களின் வாதத்தையும் புறந்தள்ளிவிட முடியாது. கெவின் சாபெட்டும் பிரதிநிதிகள் சபையின் முன்னாள் உறுப்பினர் பேட்ரிக் கென்னடியும் 2013-இல் தொடங்கிய அமைப்பு போன்றவை, இன்று விற்கும் சாறுகளிலும் எண்ணெய்களிலும் உள்ள போதைச் செறிவு ஷேஃபர் ஆணையம் பார்த்த செடியோடு ஒப்பிடக்கூடியதே அல்ல என்கின்றன. அது உண்மை, இளவயதில் அதிகச் செறிவுள்ளதைத் தொடர்ந்து பயன்படுத்துவதற்கும் மனப்பிறழ்வு நோய்க்கும் உள்ள தொடர்பை மருத்துவர்கள் தீவிரமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பொதுமக்களின் மனமும் சற்று அசைந்திருக்கிறது. கேலப் கணிப்பில் 1969-இல் 12 சதவீதமாக இருந்த ஆதரவு 2023-இல் 70-ஐத் தொட்டு, 2025-இல் 64-க்கு இறங்கியது. இந்தச் சரிவின் பெரும்பகுதி குடியரசுக் கட்சி ஆதரவாளர்களிடம் நிகழ்ந்தது. ஆனால் செறிவுக்கு வரம்பு கட்டுவதும், பொட்டலத்தில் எச்சரிக்கை அச்சிடுவதும், பூச்சிமருந்து எச்சத்தை நாடு முழுவதும் ஒரே அளவுகோலில் சோதிப்பதும் தடையால் நடக்கிற காரியங்கள் அல்ல. எதைக் குற்றம் என்று சொல்கிறோமோ அதற்குத் தரக்கட்டுப்பாடு விதிக்க முடியாது.

போதை மிகக் குறைந்த கஞ்சாச் செடி வகையான ஹெம்பின் கதையே இதற்கு நல்ல பாடம். 2018 வேளாண் சட்டத்தில், கென்டக்கி உழவர்களுக்காக அந்த மாநிலச் செனட்டர் மிட்ச் மெக்கானல் முன்னின்று, போதை தரும் வேதிப்பொருளான டெல்டா-9 டிஹெச்சி 0.3 சதவீதத்துக்கு மிகாமல் உள்ள செடியை ஹெம்ப் என்று வரையறுத்துத் தடையிலிருந்து விடுவித்தார். அந்த வரையறையின் இடுக்கில் நுழைந்து, டெல்டா-8 போன்ற போதைப்பொருட்கள் கஞ்சாவை அனுமதிக்காத டெக்சாஸின் பெட்ரோல் பங்குகளில்கூட மிட்டாயாகவும் பானமாகவும் விற்பனைக்கு வந்தன. 2025-இல் டெக்சாஸ் சட்டமன்றம் தடை இயற்ற, ஆளுநர் அபட் அதை வீட்டோ செய்தார். அதே ஆண்டு நவம்பரில், அரசு முடக்கத்தை முடித்துவைத்த நிதிச் சட்டத்தில், ஒரு பொட்டலத்துக்கு 0.4 மில்லிகிராம் டிஹெச்சிக்கு மேல் கூடாது என்ற வரி சேர்க்கப்பட்டு, ஓராண்டு அவகாசத்துடன் அந்தத் தொழில் பெரும்பாலும் மூடப்படும் நிலைக்கு வந்தது. கவனமில்லாமல் திறந்தார்கள், விவாதமில்லாமல் அடைத்தார்கள். ஒழுங்குபடுத்துவது என்ற நடுவழியை இரண்டு முறையும் யாரும் முயலவில்லை.

இவை அனைத்தையும் எடைபோட்டால், நாடாளுமன்றத்தில் சீர்திருத்தம் விரும்புவோர் அடுத்து எடுக்க வேண்டியது மூன்றாவது வழி என்பதே என் முடிவு. முதல் வழி நியாயமானது, ஆனால் கண்ணுக்கெட்டும் எந்தச் செனட்டிலும் 60 வாக்குகள் பெறாது. இரண்டாவது வழி நடந்துகொண்டிருக்கிறது. அதை எதிர்ப்பது வீண், அதையே வெற்றி என்று கொண்டாடுவது ஆபத்து. நான்காவது வழி மூன்றாவதற்குள் பெருமளவு அடங்கிவிடுகிறது. நேரமும் முக்கியம். 280இ முழுமையாக விலகும் வரைதான் நிறுவனங்களுக்கு நாடாளுமன்றம் தேவை. விலகிய பின் மற்ற மாநிலங்களின் மலிவான கஞ்சாவுக்குக் கதவு திறக்கும் எந்தச் சட்டத்தையும் விரும்ப அவர்களுக்குக் காரணம் குறைவு.

ஆனால் 2018 மசோதாவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மாநிலச் சட்டத்துக்கு உட்பட்ட கஞ்சாப் பயன்பாட்டையும் வேலையையும் குடியேற்ற விண்ணப்பத்தில் பாதகமாகக் கொள்ளலாகாது என்ற பிரிவையும், மத்திய அரசின் பழைய கஞ்சாப் பதிவுகளை அழிக்கும் பிரிவையும் அதில் சேர்க்க வேண்டும். இரண்டாவது பிரிவு பார்ப்பதற்குப் பெரிதாகத் தோன்றினாலும் அதன் அரசியல் செலவு சிறிதே: வெறுமனே கஞ்சா வைத்திருந்ததற்காக மத்தியச் சட்டத்தில் தண்டிக்கப்பட்டு, பைடனின் 2022 மன்னிப்பால் பயன்பெற்றவர்கள் ஏறத்தாழ 6,500 பேர்தான், தலைநகர் வாஷிங்டனில் தண்டிக்கப்பட்டவர்கள் தனி, மற்றப் பதிவுகள் பெரும்பாலும் மாநிலங்களின் கையில் இருக்கின்றன, அவற்றை மத்தியச் சட்டம் தொட முடியாது. மன்னிப்பு தண்டனையை நீக்குகிறதே தவிர பதிவை அழிப்பதில்லை என்பதால் அந்தப் பிரிவு இன்னும் தேவைப்படுகிறது. குடியேற்றப் பிரிவுதான் கடினம். இன்றைய குடியரசுக் கட்சியில் குடியேறிகளுக்குச் சலுகை என்று கேட்டாலே முகம் சுளிப்பவர்கள் அதிகம். பேரத்தில் ஏதாவது விட்டுக்கொடுக்க நேர்ந்தால், மத்தியக் கலால் வரியை விடலாம். வாஷிங்டன் மாநிலம் ஏற்கெனவே 37 சதவீதம் வசூலிக்கிறது, அதன்மேல் இன்னொரு அடுக்கு வரி போட்டால் வாங்குபவர் தெருவோர வியாபாரியிடம்தான் திரும்புவார். மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைச் சில ஆண்டுகளுக்குத் தள்ளிப்போடவும் செய்யலாம். அது சிறு உரிமதாரர்களுக்கு மூச்சுவிட அவகாசமும் தரும். குடியேற்றப் பிரிவை விட்டுக்கொடுத்தால் மட்டும், இரண்டாவது வழி கைவிட்ட அதே மனிதர்களை மூன்றாவது வழியும் கைவிட்டதாகிவிடும், அவர்களுக்காக மறுபடி ஒரு மசோதா கொண்டுவர அதன்பிறகு எந்த நிறுவனமும் பணம் தராது.